புஷ்பவல்லியின் உள்பக்கங்கள்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வாசலில் ஒரு செய்தி கிளம்பினால், ரயிலடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்து மீசையும் வந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் கல்யாணத் தரகு செய்துகொண்டே வாயைத் திறக்காமல் இருப்பவர் புஷ்பவல்லி ஒருவர்தான். எத்தனையோ பேர் முயன்று பார்த்துவிட்டார்கள். மீன் தலைக் கறி வாங்கிக் கொடுத்துக்கூடப் பார்த்தார்கள். மீன் தலை போயிற்று, விஷயம் வரவில்லை.

இருபது வருடம் பக்கத்தில் மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். காலையில் தொழிற்சாலை பஸ் ஏறினால் நாற்பது நிமிடம் ஓட்டம். அந்த நாற்பது நிமிடத்தில் யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் வீட்டில் பையன் தேறமாட்டான் என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும். கேட்டதை வைத்து முதலில் இரண்டு ஜோடியைச் சேர்த்துவைத்தார். இரண்டும் நன்றாக இருந்ததால் மூன்றாவது தானாக வந்தது. வேலையை விட்டபோது அவர் கையில் ஒரு பச்சை அட்டை நோட்டும் எண்பது குடும்பங்களும் இருந்தன. பிறகு நோட்டு போய் லேப்டாப் வந்தது. எண்பது நானூறானது.

ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் இரண்டு கோப்பு வைத்திருப்பார். ஒன்று முன்பக்கம். படம், படிப்பு, ராசி, சம்பளம் எல்லாம் அதில் இருக்கும், கேட்கிறவர்களுக்குக் காட்டுவது. இன்னொன்றுக்கு உள்பக்கம் என்று பெயர். பெண்ணின் உண்மையான வயது, பையன் சனிக்கிழமைகளில் எந்தக் கடையில் உட்காருவான், எந்தக் கல்யாணம் எதற்காக நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். உள்பக்கத்துக்கு அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். தாலி கட்டுகிறவனுக்கும் கட்டிக்கொள்கிறவளுக்கும் தெரியாமல் எதையும் மூடமாட்டார். அந்த இரண்டு பேரைத் தவிர மூன்றாவது ஆளுக்கு, அது பெற்ற தாயே ஆனாலும், எதையும் திறக்கமாட்டார்.

போன வருடக் கடைசியில் அந்த லேப்டாப்பில் ஒரு அறிவிப்பு வந்துவிட்டது. இந்த விண்டோஸ் பழசாகிவிட்டது, இனி இதற்குப் பாதுகாப்பு கிடையாது, புதியதை ஏற்ற இந்த மெஷின் தாங்காது, இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு வேண்டுமானால் ஒரு கணக்கில் நுழைந்து செட்டிங்கை எல்லாம் பத்திரப்படுத்திக்கொள் என்றது. காசு கேட்கவில்லை, கணக்குத்தான் கேட்டது. புஷ்பவல்லிக்குச் சொந்தமாக அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் அவர் கோயில் மாதர் குழுவின் செயலாளர். குழுவுக்கு ஒரு பழைய ஹாட்மெயில் இருந்தது. அதன் பாஸ்வேர்டு கோயில் பெயரும் ஆயிரத்தெட்டும். அது குழுவில் உள்ள எட்டுப் பெண்களுக்கும் தெரியும். அம்மன் கணக்குத்தானே, இதைவிடப் பாதுகாப்பு எது என்று அதையே தட்டிப் போட்டார். தைப்பூசம் முடிந்த கையோடு அது இன்னும் நாலைந்து கேள்வி கேட்டது. டாக்டர் கேட்கிறபோது தலையாட்டுவதுபோல எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' அழுத்தினார்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை. கோயில் பின்பக்கம் புஷ்பவல்லி விளக்குத் திரி திரித்துக்கொண்டிருக்க, குழுத் தலைவி உஷாராணி பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நம்ம குரூப் ஈமெயில்ல ஏதோ வந்திருக்கு. புஷ்பவல்லி லேப்டாப்புன்னு போட்டு, டோக்குமெண்ட் எல்லாம் பேக்கப் பண்ணுதாம். என்னாக்கா அது?"

"எந்த டோக்குமெண்ட்?"

"எனக்கு என்னா தெரியும்? உள்பக்கம்னு ஒரு ஃபோல்டர் பேரு பார்த்தேன். சனிக்கிழமை மீட்டிங்ல ஹால் டிவியில அந்த கணக்கத்தான் தொறக்கப் போறோம். பூச படமெல்லாம் அதுலதான இருக்கு."

புஷ்பவல்லியின் கையிலிருந்த குத்துவிளக்குத் திரி கீழே விழுந்தது. எட்டுப் பெண்கள், ஒரு பெரிய டிவி, நானூறு வீட்டு உள்பக்கம்! அதில் எட்டுப் பெண்களின் வீடுகளும் உண்டு என்பது வேறு.

எல்லாவற்றையும்விட அவர் நெஞ்சை அடைத்தது தாமரை. உஷாராணியின் மகன் ராஜனுக்கு அவர்தான் தாமரையைப் பேசிமுடித்திருந்தார். கோயில் கல்யாணம் அடுத்த மாதம். இந்த நாட்டில் நம்மவர்களுக்குக் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. பிறகு மண்டபம் கிடைக்கிறபோது கோயிலில் தாலி. நடுவில் ஒரு வருடம்கூட ஓடிவிடும். அந்த ஒரு வருடம் பெண் சட்டப்படி மனைவி, ஊர்ப்படி இன்னும் அம்மா வீட்டுப் பிள்ளை. தாமரைக்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருத்தனோடு அப்படிக் கையெழுத்து ஆகியிருந்தது. கோயில் நாள் வருவதற்குள் அவனுக்கு ரவாங்கில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்துபோயிற்று. ஒரு நாள்கூட அவனோடு வாழாத பெண்ணுக்குக் காகிதத்தில் விவாகரத்து ஆனவள் என்று பெயர் விழுந்துவிட்டது. ராஜனுக்கு இது தெரியும். தாமரையே சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "சாப்டியா?" என்றானாம். ஆனால் உஷாராணிக்குத் தெரியாது. உஷாராணிக்குத் தெரிந்தால் பத்திரிகை அடித்த பிறகும் கல்யாணம் நிற்கும். ஏனென்றால் விவாகரத்தானவளைக் குறிக்கும் 'ஜண்டா' என்ற மலாய்ச் சொல்லை அவர் வசவாகத்தான் பயன்படுத்துவார்.

வீட்டுக்குப் போனதும் புஷ்பவல்லி முதலில் இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம் லேப்டாப்பை மூடி, ஒரு குளியல் துண்டில் சுற்றி, அதன்மேல் தலையணை உறையைப் போட்டுக் கட்டினார். மறுநாள் காலை அதை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பியபோது, லோரி ஓட்டி ஓய்ந்துபோன அவர் கணவர் நாகையா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னாது, கொழந்தையா?"

"உங்க பேப்பர பாருங்க."

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில். ஒரு மணி நேரம் அவர் துண்டின் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் மாலைக் கடைகளைத் தாண்டி, ஒரு மாடிப்படியின் கீழ் இருக்கும் விஜயன் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். விஜயன் நாற்பத்தைந்து வயது ஆள். கம்ப்யூட்டரைப் பிரித்தால் பாதியில் போனில் பேசப் போய்விடுவார் என்று கெட்ட பெயர் உண்டு. ஆனால் கைராசிக்காரர். அவருக்கும் புஷ்பவல்லிதான் பெண் பார்த்துக் கொடுத்தார்.

"என்னாக்கா, மெஷினுக்கு சளியா? துண்டு சுத்தி வந்திருக்கீங்க?"

"லைன் புடிச்சிடக் கூடாதுன்னு சுத்தினேன் தம்பி. பேசிட்டு நிக்காத, உள்ள போனது எவ்ளோன்னு மட்டும் பாரு."

விஷயத்தைக் கேட்டதும் விஜயன் சிரிப்பை நிறுத்திவிட்டார். லேப்டாப்பை இணையத்தில் மாட்டினால் மிச்சமும் ஏறினாலும் ஏறிவிடும் என்று அதைத் தொடவில்லை. தன் கம்ப்யூட்டரிலிருந்தே குழுவின் கணக்கைத் திறக்கப் பார்த்தார். பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. அப்புறம், புது இடத்திலிருந்து நுழைகிறீர்கள் என்று ஒரு குறியீட்டு எண் கேட்டது. அந்த எண் பதிவு செய்த கைப்பேசிக்குத்தான் போகும். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் திரையில் தெரிந்தது.

"யாரு நம்பர்கா இது? நாப்பத்தொண்ணு."

"உஷாராணி."

"அப்ப அவங்கள கேட்டாத்தான் கதவு தொறக்கும்."

புஷ்பவல்லி கடை வாசலுக்கு வந்து நின்றார். பொய் சொல்வது அவருக்கு வராது. மௌனமாக இருக்கத்தான் வரும். மௌனமாக இருந்து எண்ணை வாங்க முடியாது. உஷாராணிக்குப் போன் போட்டார். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"உஷா, இப்ப உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதக் கொஞ்சம் சொல்லும்மா."

"எதுக்குக்கா?"

"என் தப்புதான். குரூப் கணக்க என் மெஷின்ல போட்டுட்டேன். நான் எழுதி வச்சிருக்க வீட்டு சமாச்சாரம் எல்லாம் அங்க ஏறுது. நாளைக்கு டிவியில தெரிஞ்சிரும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"எங்க வீட்டு சமாச்சாரமுமா?"

"ஆமா."

உஷாராணி வீட்டு உள்பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பத்தி. அவர் கணவர் தம்புசாமி ஒரு காலத்தில் இரண்டு வருடம் ஜொகூரில் கிரேன் ஓட்டினார் என்பது ஊர் சொல்வது. அந்த இரண்டு வருடமும் அவர் போதை மறுவாழ்வு மையத்தில் இருந்தார் என்பது உள்பக்கம் சொல்வது. வெளியே வந்து பதினெட்டு வருடமாகிறது. தேத்தண்ணிகூட அளவாகக் குடிக்கிற மனிதர். ராஜனுக்குப் பெண் பார்க்கச் சொன்ன அன்று உஷாராணியே அழுதுகொண்டே சொன்ன விஷயம் அது. "பொண்ணுகிட்ட கொஞ்ச நாள் கழிச்சு சொல்லுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டவர், அதற்குப் பிறகு சொன்னீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

"எழுதிக்குங்கக்கா," என்றார் உஷாராணி. குரல் சின்னதாகிவிட்டது. ஆறு இலக்கமும் மளமளவென்று வந்தன. "எல்லாத்தையும் அழிச்சிருங்க. ஒண்ணு விடாம."

விஜயன் எண்ணைப் போட்டார். கணக்கு திறந்தது. புஷ்பவல்லி திரையைப் பார்க்காமல் சுவரில் இருந்த லெட்சுமி காலண்டரைப் பார்த்தார். விஜயன் ஏதோ அழுத்தினார். இன்னொன்று அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அக்கா."

"சொல்லு. எவ்ளோ போச்சு?"

"ஃபோல்டர் இருக்கு. உள்பக்கம்னு பேரும் இருக்கு."

"ஐயோ."

"உள்ள ஒண்ணும் இல்லக்கா. காலி. ஒரு கோப்புகூட ஏறல."

புஷ்பவல்லி காலண்டரிலிருந்து திரும்பினார். விஜயன் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இந்தக் கணக்குல எடம் இல்ல. ரொம்பி வழியுது. ஓசியில குடுக்கிற எடம் ஒரு அளவுதான், அது பூச வீடியோவோடயே முடிஞ்சு போச்சு. இங்க பாருங்க. பால்குட வீடியோ அறுவத்திரெண்டு. கும்மி பிராக்டிஸ் நாப்பது. அதுல முப்பத்தஞ்சு உஷாராணியக்கா தனியா ஆடறது. வாசல் நெறைய செருப்பு போட்டு நிக்கிறாப்பல, உங்க கோப்பெல்லாம் உள்ள வர முடியாம க்யூவுல நிக்குது."

"குப்பைத் தொட்டியில? அழிச்சா அங்க போகும்னு சொல்வாங்களே."

"அதையும் பார்த்துட்டேன். இல்ல."

"சத்தியமா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியம். நீங்க பார்த்துக் குடுத்த பொண்டாட்டி."

புஷ்பவல்லி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ராத்திரி முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் எழுந்து வெளியே போவது அவருக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விஜயன் எதிர்க் கடையைப் பார்த்துக் கூப்பிட்டு இரண்டு தே தாரிக் டீயும் பரோட்டா மாதிரி மூன்று ரொட்டி சானாயும் வரவழைத்தார். மூன்றையும் புஷ்பவல்லியே சாப்பிட்டார். விஜயன் லேப்டாப்பைக் குழுவின் கணக்கிலிருந்து கழற்றி, காலி ஃபோல்டரையும் அழித்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றும்படி உஷாராணிக்கு ஒரு செய்தியும் போட்டுவிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் புஷ்பவல்லிக்குத் தொழில் புத்தி திரும்பிவிட்டது. இந்த மெஷினை இனி நம்ப முடியாது. வேறு எது இருக்கிறது?

"நாலு எடம் இருக்குக்கா," என்றார் விஜயன்.

"ஒவ்வொண்ணா சொல்லு. நல்லது கெட்டது ரெண்டும் சொல்லணும். படத்த மட்டும் காட்டக் கூடாது."

"மொதல்ல புது விண்டோஸ். புது லேப்டாப் வாங்கணும். எல்லாமே ஓடும். ஒங்க ஜாதக சாப்ட்வேர், பிரிண்டர், ஒரு கொறையும் வராது. ஆனா வச்ச ஒடனே கணக்கு கேக்கும். எந்த ஆப் தொறந்தீங்க, எங்க மாட்டிக்கிச்சுன்னு கம்பெனிக்கு தகவல் அனுப்பும். கொறைக்கலாம், சுத்தமா நிறுத்த முடியாது."

"புரியுது. கூட்டுக் குடும்பம். சமையலுக்கு ஆள் இருக்கு, துணி தொவைக்க ஆள் இருக்கு. ஆனா வாசப்படி தாண்டினா எங்க போறன்னு மாமியார் கேக்கும். அடுத்தது?"

"மேக். பூட்டெல்லாம் நல்லா இருக்கும். கேக்கறதும் கம்மி. ஆனா வெல ஜாஸ்தி. ஒங்க ஜாதக சாப்ட்வேர் அதுல ஓடாது. பழுதானாலும் அவங்க சொல்ற வழியிலதான் போகணும்."

"டாக்டர் மாப்பிள்ள. பங்களா, ஒசரமான கேட்டு. வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது. நம்ம சட்டி பானையையும் உள்ள விடமாட்டான். கேட்டுச் சாவி யாருகிட்ட?"

"அவங்ககிட்டதான், பாதி. நம்பித்தான் ஆகணும்."

"ம். மூணாவது?"

"குரோம்புக். வெல கம்மி, சுலபம். எல்லாமே கூகள் கணக்குலதான் இருக்கும். மெஷின் ஒடைஞ்சாலும் ஒண்ணும் போகாது."

"அதாவது பொண்ணோட துணிமணிகூட அவங்க அலமாரியில. வேணாம் தம்பி, இந்த ஜாதகத்த திருப்பிக் குடுத்திரு."

"கடைசியா லினக்ஸ். காசே வேணாம். ஒங்க பழைய மெஷின்லயே ஓடும். கணக்கு கேக்காது, நீங்க யாருன்னே கேக்காது. தமிழ் டைப்பும் வரும். ஆனா ஜாதக சாப்ட்வேர் ஓட வைக்கறது கஷ்டம். பிரிண்டர் சில நேரம் மூஞ்சிய திருப்பிக்கும். ஏதாச்சும் ஆச்சுன்னா போன் போட கம்பெனி கெடையாது. நான்தான் வரணும்."

புஷ்பவல்லி டம்ளரின் அடியில் இருந்த நுரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "தனிக்குடித்தனம். மாமியாரே இல்ல. ஆனா பைப்பு ஒழுகினா நானே போய் ஸ்பேனர் புடிக்கணும். பையன் எப்படி, நல்லவனா?"

"வெளிப்படையான ஆளுக்கா. எப்படி செஞ்சதுன்னு எழுதினது எல்லாம் யார் வேணும்னாலும் படிக்கலாம்."

"ஒளிக்க ஒண்ணுமில்லாதவன். ஆனா நான் ஒளிக்கறத கேக்கமாட்டான். இப்பிடி ஒரு வரன் எனக்கு இத்தன வருஷத்துல வந்ததில்ல தம்பி."

அரை மணி நேரம் பொருத்தம் பார்த்தார். சாதாரணமாகக் கல்யாணத் தரகர் செய்யக் கூடாததை அன்று செய்தார். இரண்டு இடத்தையும் முடித்துவிட்டார். விஜயன் கடையில் இருந்த ஒரு செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் மெஷின், ஜாதகத்துக்கும் முன்பக்கத்துக்கும். தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ், உள்பக்கத்துக்கு மட்டும். அதற்கு இணையமே கிடையாது.

"ரெண்டையும் கட்டிக்கப் போறீங்களா?" என்றார் விஜயன்.

"நாகையாவுக்கு சொல்லிடாத."

கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு விஜயன் பழைய மெஷினைத் துடைத்து லினக்ஸை ஏற்ற ஆரம்பித்தார். நடுவில் போன் வந்தது. எடுக்கவில்லை. அது அவர் வாழ்க்கையில் அபூர்வம். டிஸ்க்கைப் பூட்டும் கட்டம் வந்ததும் கீபோர்டைப் புஷ்பவல்லி பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

"பாஸ்வேர்ட நீங்களே போடுங்க. கோயில் பேரு வேணாம். ஒரு விஷயம் சொல்லிடறேன். இத மறந்துட்டா நானும் தொறக்க முடியாது, யாராலயும் முடியாது. நானூறு வீடும் போயிடும். கூட ஒரு பென்டிரைவ்லயும் இதே மாதிரி பூட்டி வச்சுக்குங்க."

புஷ்பவல்லி பதினெட்டு எழுத்தை ஒவ்வொன்றாகத் தட்டினார். என்ன போட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள இன்றுவரை கிள்ளானில் ஆட்கள் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

வேலை முடியும்போது மத்தியானம் மூன்று. ரயிலுக்கு நேரம் இருந்தது. கேஎல் சென்ட்ரல் பெஞ்சில் உட்கார்ந்து உஷாராணியைக் கூப்பிட்டார்.

"முடிஞ்சதும்மா. ஒண்ணுமே ஏறல. இப்ப எல்லாம் கழட்டியாச்சு. நாளைக்கு தைரியமா டிவியில போடு."

"எனக்குத் தெரியும்கா."

"என்னா தெரியும்?"

"புதன்கெழமையே தொறந்து பார்த்தேன்கா," என்றார் உஷாராணி. "உள்பக்கம்னு பார்த்ததும் தாமரைய பத்தி என்னா எழுதியிருக்கீங்கன்னு பார்க்கலாம்னு தொறந்தேன். காலியா இருந்துச்சு. சரி, வந்துகிட்டு இருக்கு போலன்னு நெனச்சு நேத்து உங்ககிட்ட சும்மா வாய கெளறினேன். எங்க வீட்டு விஷயமும் அதுலதான வரும்னு எனக்கு தோணவே இல்ல, காலைல நீங்க சொல்ற வரைக்கும். அதான் ஒடனே நம்பர சொல்லிட்டேன்."

புஷ்பவல்லிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வயிறு நிறைந்திருந்ததாலோ என்னவோ வரவில்லை.

"இப்ப தாமரைய பத்தி ஏதாச்சும் கேக்கணுமா உனக்கு?"

"கேட்டா சொல்வீங்களா?"

"மாட்டேன். ராஜனுக்கு தெரியாதது எதுவும் என்கிட்ட இல்ல. அவனுக்கு தெரிஞ்சது போதும்."

"அப்ப எங்க வீட்டு விஷயம்... தாமரைக்கு..."

"தெரியும். மொத மாசமே சொல்லிட்டேன். அதான் என் சட்டம், அன்னைக்கே உன்கிட்ட சொன்னேன்ல."

பக்கத்துப் பெஞ்சில் யாரோ பலகாரப் பொட்டலம் பிரித்தார்கள்.

"தெரிஞ்சுமா தீபாவளிக்கு வந்து அவருக்கு சட்ட எடுத்துக் குடுத்துச்சு?" என்றார் உஷாராணி. "கூடவே ஒக்காந்து சீட்டு வெளையாடி, மாமா மாமான்னு... நான் ஒவ்வொரு தடவயும் பயந்துகிட்டே இருந்தேன்கா, இது தெரிஞ்சா ஓடிப்போயிருமோன்னு. தெரிஞ்சுகிட்டேதான் வந்திருக்கு."

"வந்திருக்கு."

"எனக்கு அந்தப் பொண்ண பத்தி ஒண்ணும் தெரிய வேணாம்கா. என்னா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும் லா. பத்திரிக மிச்சம் நூறு இருக்கு, நாளைக்கு மீட்டிங் முடிஞ்சதும் மேரு பக்கம் நீங்க குடுத்திர்றீங்களா?"

"குடுத்திர்றேன்," என்றார் புஷ்பவல்லி. ரயில் வந்து நின்றது. இரண்டு லேப்டாப்பையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு ஏறினார். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுபாங் ஜெயா வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.